பெட்டியில் கூறை, கையில் கருவாடு

நான் சுவிஸுக்குப் போகிறேன் என்று ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. விசா கிடைத்த மறுநாள் காலை பரந்தன் சந்திக்குப் பாண் வாங்கப் போனேன். கடைக்காரர் பாணைப் பையில் போட்டபடியே, "அக்கா, என்ர மருமகனும் சுவிஸிலதான். ஒரு சின்னப் பார்சல் இருக்கு. அரைக் கிலோவும் வராது" என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போவது அவருடைய சொந்தக் காரியம் இல்லை. அவருடைய பெட்டி ஊருக்கே பொது.

போகிற காரியம் என் தம்பி குகனின் கல்யாணம். அவன் அங்கே போய்ப் பல வருடங்களாகிவிட்டன. ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையல் வேலை செய்கிறான். பெண் ஆரணி அங்கேயே வளர்ந்தவள். எந்த நாட்டில் வளர்ந்த பெண்ணாக இருந்தாலும் தாலியும் கூறையும் மாப்பிள்ளை வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும். கூறை என்பது கட்டம் போட்ட சிவப்புப் பட்டுச் சேலை. மணவறையில் மாப்பிள்ளை கையால் அதை வாங்கி, உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்த பிறகுதான் தாலி கட்டுவது. உடையார்கட்டில் இருக்கும் அம்மாவுக்கு விசா கொடுக்கவில்லை, எனக்குக் கொடுத்தார்கள். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் என்றால் நான் ஒருத்திதான்.

அம்மா கூறையைப் பிள்ளையார் கோயிலில் வைத்துப் பூசை செய்வித்து, தலைப்பின் மூலையில் மஞ்சள் தடவி என் கையில் தந்தார். "தாலியைக் கழுத்துப் பையில போடு. கூறையைக் கையில கொண்டு போ. பெட்டிக்க மட்டும் போட்டிடாத, பிள்ளை" என்றார். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

பார்சல்கள் வரத் தொடங்கின. ஒடியல் மா, பயற்றம் பணியாரம், முருங்கையிலைப் பொடி, நல்லெண்ணெய். வறுத்து இடித்த மிளகாய்த்தூள் மட்டுமே நாலு வீட்டிலிருந்து வந்தது. "எல்லாத்தையும் ஒரு பையில கொட்டிக் கொண்டுபோய் அங்க பிரிச்சுக் குடன்" என்றார் என் கணவர். வயல் செய்கிற மனுசனுக்கு நெல்லில்தான் வித்தியாசம் தெரியும், தூளில் தெரியாது. ஒரு வீட்டுத் தூளை இன்னொரு வீட்டாருக்குக் கொடுத்தால் அங்கே பெரிய சண்டையே வரும் என்று அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

பார்சலோடு வந்தவர்கள் புத்திமதியும் கொண்டுவந்தார்கள். தூளை இரண்டு பொலித்தீனில் கட்டிப் பெட்டியின் நடுவில் வை, சுற்றிவர உடுப்பை அடை. எண்ணெய்ப் போத்தலின் மூடியை ஒட்டும் ரேப்பால் சுற்று. போன் சார்ஜ் போடுகிற பவர் பாங்கைப் பெட்டிக்குள் போடாதே, திறந்து எடுத்துவிடுவார்கள். நெய் வேண்டாம், அங்கே இறங்கியதும் பறிப்பார்கள், மீன் என்றால் விடுவார்கள். இதையெல்லாம் சொன்னவர்களில் பாதிப் பேர் வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை. ஆனாலும் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை என்று பிறகு தெரிந்தது.

பெட்டிக்கு முப்பது கிலோ அனுமதி. வீட்டில் அதை நிறுக்கத் தராசு இல்லை. கணவர் பெட்டியை உழவு இயந்திரத்தில் ஏற்றி அரிசி ஆலைக்குக் கொண்டுபோனார். நெல் மூட்டை நிறுக்கிற தட்டில் என் பெட்டியும் ஏறி நின்றது. மூட்டை தூக்குகிற ஒருவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அக்கா, ஈரப்பதமும் பாக்கவோ?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முள் சரியாக முப்பதில் நின்றது. கணவர் அந்த இடத்திலேயே பெட்டியைப் பூட்டி, அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் துணியைக் கைபிடியில் கட்டினார்.

புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம் ஒரு அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தார். பெயர் திரேசம்மா. முல்லைத்தீவுக் கரையில் வீடு. புருசனும் மகன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். நான் அவரை அதற்கு முன் கண்டதே இல்லை. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மடியில் ஒரு பொதி. அது என்னவென்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை, மூக்கே சொன்னது.

"கட்டா மீன் கருவாடு, பிள்ளை. நானே உப்புப் போட்டுக் காயவச்சது. என்ர மகள் மெற்றில்டா நீங்கள் போற ஊருக்குக் கிட்டத்தான் இருக்கிறாள்."

"அம்மா, பெட்டி நிறுத்துப் பூட்டியாச்சு. இனி ஒரு சாமானும் ஏலாது."

"ஓம் பிள்ளை, விளங்குது" என்றார். ஆனால் எழும்பவில்லை. நான் கொடுத்த தேத்தண்ணியை மெதுவாகக் குடித்தார். பிறகு சொன்னார்: "அவளுக்குப் போன மாதம் கடுமையான காய்ச்சல். எழும்பிட்டாள், ஆனா ஒரு சாப்பாடும் இறங்குதில்லையாம். அம்மான்ர கருவாடு எண்டா ஒரு பிடி சோறு தின்னுவன் எண்டு போனில அழுறாள்."

இதற்குப் பிறகு மாட்டேன் என்று சொல்ல நான் என்ன கல்லா? வாங்கி வைத்துவிட்டேன். அவர் போன பிறகுதான் தலையிடி தொடங்கியது. பெட்டியில் இடமில்லை, ஆகவே கருவாடு கைப்பையில்தான் போக வேண்டும். கைப்பையிலோ கூறை இருக்கிறது. கூறையும் கருவாடும் ஒரே பைக்குள் பயணம் போவதைப் பிள்ளையார் பொறுத்தாலும் எங்கள் அம்மா பொறுக்கமாட்டார். பட்டில் ஏறிய கருவாட்டு மணம் லேசில் இறங்கவும் மாட்டாது. பெட்டியைத் திறந்து என் குளிர்க்கோட்டை வெளியே எடுத்தேன், அந்த இடத்தில் கருவாட்டை வைத்தால் ஊராரின் மாவும் பணியாரமும் மணக்கும், ஆகவே கூறையை வைத்தேன். கோட்டை உடம்பில் போட்டுக்கொள்வது என்று முடிவு. ஒரு நாள் பயணம்தானே, கூறைக்கு என்ன வந்துவிடப் போகிறது? அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் பலரோடு விமான நிலையத்துக்குப் போன வான் வவுனியாவுக்குக் கிட்ட வந்ததும் டயர் வெடித்தது. மாற்றுச் சில்லு எங்கள் சாமான்களுக்கு அடியில் கிடந்தது. சாரதி எல்லாவற்றையும் இறக்கித் தெருவோரம் அடுக்கினார். நாங்கள் எதிர்க்கடையில் உளுந்து வடையும் பால் விடாத பிளேன்ரீயுமாக நின்றோம். திரும்பிப் பார்த்தால் என் கைப்பையைச் சுற்றி நாலைந்து நாய்கள் மரியாதையாக உட்கார்ந்திருக்கின்றன. மற்றப் பெட்டிகளை அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "அக்கா, உங்கட பைக்குத்தான் நல்ல காவல்" என்றார் சாரதி. வடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கோட்டோடு வியர்த்து வழிய நின்றேன். பெட்டியை ஓடும் பட்டியில் விட்டபோது மஞ்சள் துணி ஆடிக்கொண்டே உள்ளே போனது. அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கைப்பைச் சோதனை. காக்கிச் சட்டைப் பெண் பொதியைத் தூக்கிப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார், "இது என்ன?" எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் பொதியை மூக்குக்கு அருகே கொண்டுபோனார். "கட்டாதானே? எங்கள் அம்மா வீடு நீர்கொழும்பு. நாங்களும் போடுகிறோம். ஆனால் இவ்வளவு உப்புப் போடமாட்டோம்." தன்னிடமிருந்த ஒரு பொலித்தீன் பையை எடுத்து அவரே இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டித் தந்தார். "கவனமாகக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் விமானமே கறி மணக்கும்" என்றார்.

அவர் கட்டியும் பயன் இல்லை. விமானத்தில் விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் மேல் தட்டிலிருந்து மணம் இறங்கத் தொடங்கியது. முன் இருக்கைக்காரர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "இங்கே ஏதோ மணக்கிறதே, யாருடையது?" என்று கேட்டார். பணிப்பெண் எங்கள் வரிசையைப் பார்த்தாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் கன நேரம் பார்த்தேன்.

இடையில் வளைகுடாவில் இறங்கி விமானம் மாற ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டியிருந்தது. நான் ஓடிவிட்டேன், பெட்டி ஓடவில்லை. வியாழக்கிழமை சுவிஸில் இறங்கி, பட்டி சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் வெறுமையாக நின்றபோதுதான் அது விளங்கியது. வெளியே காத்திருந்த குகன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, "பெட்டி எங்க அக்கா?" என்றான். கைப்பையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

முறைப்பாடு எழுதும் இடத்தில் இருந்த மனிதர் மிகவும் பண்பானவர். பெட்டியில் முக்கியமான பொருள் ஏதும் உண்டா என்று கேட்டார். ஒரு சேலை என்றான் குகன். "இங்கே வேறொன்று வாங்க முடியாதா?" என்று அவர் கேட்டதைத் தம்பி எனக்குத் தமிழில் சொன்னான். நான் தம்பியை ஒரு பார்வை பார்த்தேன். அவன் அதை மொழிபெயர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

அன்று மாலை ஊரிலிருந்து அம்மா போன் எடுத்தார். "கூறை பத்திரமோ?"

"ஓம் அம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை காலை கூறை தேடி இரண்டு நகரங்களுக்குப் பஸ்ஸில் போனோம். அங்கே பஸ் சொன்ன நேரத்துக்கு வருகிறது, உள்ளே ஒருவரும் கதைப்பதில்லை, பாட்டும் இல்லை. எங்கள் முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்துச் சீற்றுக்காரரின் மூன்று தலைமுறைக் கதை தெரிந்துவிடும். இந்த அமைதியில் என் பதற்றம் எனக்கே சத்தமாகக் கேட்டது. தமிழ்க் கடைகளில் பட்டுச் சேலை குவிந்து கிடந்தது. கூறை இல்லை. "கல்யாண மாதமெல்லோ அக்கா, முடிஞ்சுது. அடுத்த கிழமைதான் வரும்" என்றார்கள். குகன் வாங்கித் தந்த உருளைக்கிழங்கும் சீஸும் உருகிக் குழைந்த ஏதோ ஒன்றை நாலு வாய் சாப்பிட்டேன். பசியில்லாமல் சாப்பிட்டதால் அது ருசியா இல்லையா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பின்னேரம் குகன் வீட்டு வாசல் மணி அடித்தது. வாசலில் ஒரு மெலிந்த பெண், வேலைச் சட்டையோடு. மெற்றில்டா. ஆசுபத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை, நேரே அங்கிருந்து வருகிறாள். பொதியை இரண்டு கையாலும் வாங்கி, பிரிக்காமலே மூக்கில் வைத்து மூச்சை இழுத்தாள். "அம்மாதான்" என்றாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "ஓம், உம்மட கருவாடு வந்திட்டுது. எங்கட கூறைதான் வரேல்ல. இதுக்கு இடம் விடப்போய்த்தான் கையில இருந்த கூறையைப் பெட்டிக்க போட்டனான். நாளையிண்டைக்குக் கல்யாணம்" என்று கொட்டித் தீர்த்தேன்.

மெற்றில்டா பொதியைக் கீழே வைக்கவும் முடியாமல், கையில் வைத்திருக்கவும் முடியாமல் நின்றாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றாள். பொதியைத் தன் துணிப்பையில் வைத்துக்கொண்டு, போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டாள். குகன் குசினி வாசலில் நின்று, "அவா என்னக்கா செய்தவா?" என்றான். வெட்கமாக இருந்தது. அந்தத் தேத்தண்ணியை நானே குடித்தேன், ஆறிப்போய் இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் ஆரணியும் அவளுடைய தாயாரும் வந்திருந்தார்கள். பெட்டி இன்னும் வளைகுடாவில்தான் என்று செய்தி. ஆரணியின் தாயார் நல்ல மனுசி, ஆனால் சாத்திரம் சம்பிரதாயத்தில் விட்டுக்கொடுக்காதவர். "கூறை இல்லாமல் எப்பிடிச் சம்மந்தி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் என் உடம்பு குறுகியது. அப்போதுதான் மறுபடியும் மணி அடித்தது.

மெற்றில்டா உள்ளே வந்து, பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து என் மடியில் வைத்தாள். சிவப்பு, கட்டம் போட்டது.

"அக்கா, இது என்ர கூறை. ஒருக்காத்தான் கட்டினது. மாதா கோயில்ல சுவாமியார் மந்திரிச்சுத் தந்தவர். வேதக்காரற்ற எண்டு நீங்கள் நினைக்கேல்லையெண்டா, தங்கச்சி நாளைக்குக் கட்டட்டும்."

எல்லாரும் ஆரணியின் தாயாரைப் பார்த்தோம். அவர் சேலைத் தலைப்பை விரல்களால் தடவியபடி, "தங்கச்சி, உம்மட அவர் சுகமா இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

"ஓம் அன்ரி. பஸ் ஓடுறார். ரெண்டு பிள்ளையள்."

"அப்ப பிறகென்ன!" என்றார் அவர். "புருசன் பிள்ளையளோட வாழுற பொம்பிளையின்ர கூறை. இதைவிட என்ன வேணும்?" அவருக்கு அது போதுமாக இருந்தது. வேதமோ சைவமோ அவர் கணக்கில் வரவேயில்லை. நான் மெற்றில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். நேற்றுச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் கொண்டு வந்ததாலதானே அக்கா நான் நேற்றுச் சாப்பிட்டனான்" என்றாள்.

கல்யாணம் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. மணவறைக்கு மேலே கூடைப்பந்து வளையம் தொங்கியது. ஐயர் மந்திரம் சொன்னார், குகன் கூறையைக் கொடுத்தான், ஆரணி உடுத்திக்கொண்டு வந்தாள். நான் தோழியாகப் பக்கத்தில் நின்றேன். தாலி கட்டப் போகிற நேரத்தில் அவள் என் பக்கம் சாய்ந்து, "மச்சாள், கருவாடு மணக்குதெல்லோ?" என்றாள்.

குனிந்து மோந்து பார்த்தேன். உண்மைதான். எந்த மணம் கூறையில் ஏறக்கூடாது என்று நான் பெட்டியைத் திறந்து மூடினேனோ, அதே மணம். மெற்றில்டா முதல் நாள் பொதியைக் கொண்டுபோன அதே பையில்தான் மறுநாள் கூறையைக் கொண்டுவந்திருக்கிறாள். "சாம்பிராணிப் புகையில ஒருத்தருக்கும் தெரியாது. நேர பாரும்" என்றேன். அவள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்து, பெண் வெட்கப்படுகிறாள் என்று எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். மேளம் கொட்டியது. நான் பின்வரிசையில் மெற்றில்டாவைத் தேடினேன். அவள் தன் கூறையையே கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி இரண்டு நாள் கழித்து, மஞ்சள் துணியோடு, ஒரு கீறலும் இல்லாமல் வந்தது. நாலு வீட்டுத் தூளும் நாலாகவே இருந்தன. அம்மா கொடுத்த கூறையை ஆரணி கல்யாணத்தின் நாலாம் நாள் நடக்கும் நாலாம் சடங்குக்கு உடுத்தினாள். எங்கள் வழக்கத்தில் அன்றைக்குத்தான் கல்யாண வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் சமைப்பது. மெற்றில்டா கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். சோற்றைப் பிசைந்து இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்து பரிமாறினேன். ஆரணியின் தாயார் மூன்றாம் முறை வாங்கினார்.

திரும்பி வரும்போது பெட்டி நிறையச் சொக்லேட், சவர்க்காரம், குளிருக்குப் போடும் காலுறை. எங்கள் வெயிலில் காலுறை எதற்கு என்று கேட்க முடியாது, அன்பாகத் தந்தால் வாங்க வேண்டியதுதான். மெற்றில்டா தாய்க்குத் தந்த சின்னப் பார்சலை மட்டும் கைப்பையில் வைத்தேன்.

வந்து களைப்பு ஆறியதும் முல்லைத்தீவுக்குப் போனேன். திரேசம்மா முற்றத்தில் வலை திருத்திக்கொண்டிருந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு, மகள் சுகமா என்பதற்கு முன்னரே, "கருவாடு பழுதாகாமல் போச்சுதோ?" என்று கேட்டார். மெற்றில்டா இரண்டு கோப்பை சோறு சாப்பிட்ட கதையைச் சொன்னேன். "ரெண்டு கோப்பையோ?" என்று இன்னொருமுறை சொல்ல வைத்தார்.

பிறகு போனில் கல்யாணப் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. சேலையைப் பார்த்தார்.

"இது என்ர பிள்ளையின்ர கூறை எல்லோ?"

நடந்ததை எல்லாம் சொன்னேன், நான் மெற்றில்டாவை ஏசியது உட்பட. அவர் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கட மாப்பிள்ளைக்கு ஆக்கள் இல்லை, பிள்ளை. நான்தான் இந்தக் கூறையை எடுத்து, உங்களை மாதிரி ஆரோ ஒரு ஆளிட்டக் குடுத்து விட்டனான். அவள் கட்டேக்க எனக்கு நேர பாக்கக் கிடைக்கேல்ல" என்றார். பிறகு முகம் மாறி, "அப்ப என்ர கருவாடுதான் உங்கட கூறையைத் துலைச்சது, என்ன?" என்றார்.

"ஓம் அம்மா. ஆனா அதைக் கையில கொண்டுபோனபடியாத்தான் மெற்றில்டா எங்கட வீட்டுக்கு வந்தவா. கல்யாணத்துக்குக் கூறையும் கிடைச்சுது."

திரேசம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். ஒரு பொதியோடு வந்தார். "இது ஒரு இடத்துக்கும் அனுப்ப இல்லை. நீங்கள் தின்னுறதுக்கு" என்று என் மடியில் வைத்தார்.

பின்னேர பஸ்ஸில் நல்ல சனம். பாட்டு அலறியது. பொதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். உடையார்கட்டு வரும் முன்னரே முன் சீற்றில் இருந்த ஒரு மனுசி மூக்கை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்து, "ஆரின்ர கருவாடு இது?" என்று உரத்துக் கேட்டார்.

"என்ர" என்றேன்.